அம்மாவுக்கு விக் வாங்கணும், அதில் கொண்டை போட முடியுமா?

கோபிப் பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கமுங்க. அம்மாவுக்கு 54 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை முடிந்து, அடுத்த புதன்கிழமை முதல் கீமோ. முடி கொட்டிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நோய் என்றபோதுகூடக் கலங்காத அம்மா, இதைக் கேட்டதும் அழுதுவிட்டார். தை மாதம் தம்பிக்குக் கல்யாணம். "ஊருக்குள்ள கேட்டா பழனி மொட்டைன்னு சொல்லிக்குவேன், மணவறைக்கு எப்படி வருவேன்?" என்கிறார்.

கோயமுத்தூரில் ஒரு கடையில் விசாரித்தோம். ஒரிஜினல் முடி, இடுப்பு வரைக்கும், 35,000 ரூபாய். அம்மா எப்போதும் கொண்டைதான் போடுவார். இதை வாங்கலாமா? எப்படிப் பராமரிப்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

திருப்பூர் அக்கா:
அம்மிணி, அந்தப் பணத்தை இன்றைக்கே கட்டிவிடாதே. நான் அப்படித்தான் கட்டினேன்.

எனக்குக் கீமோ நடந்து 4 வருசமாச்சு. பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர் நான். எனக்கும் நீள முடி, அதனால் அதே நீளத்தில் ஒரிஜினல் முடி விக் வாங்கினேன். கீமோ உடம்புக்கு அந்தக் கனமே தாங்கவில்லை. சித்திரை மாதம் பத்து மணிக்கெல்லாம் நெற்றியில் வேர்வை ஓடும். கொண்டை போட்டுப் பார்த்தால் இன்னொரு கஷ்டம். சாதாரண விக்கில் முடியை வரிசை வரிசையாக நாடாவில் தைத்திருப்பார்கள். தூக்கிக் கட்டினால் பின்கழுத்தில் வலையும் தையலும் தெரியும். அம்மாவுக்குக் கொண்டைதான் வேண்டுமென்றால், நெற்றியில் மட்டும் லேஸ் (முடியை ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்ட மெல்லிய வலை) வைத்தது போதாது. பின்கழுத்து வரை சுற்றிலும் லேஸ் வைத்ததா என்று கேள். விலை கூடத்தான் செய்யும். அதற்கு நீளத்தைக் குறைத்துக்கொள். சின்னக் கொண்டைக்கு இடுப்பு வரை முடி எதற்கு?

அப்புறம் 7,000 ரூபாய்க்குத் தோள் வரைக்கும் ஒரு சிந்தெடிக் விக் வாங்கினேன். காற்றுப்போல் லேசு. அலசினாலும் வளைவு மாறாது. கம்பெனிக்கு ஒரு வருசம் அதுதான் வந்தது. ஆனால் அது பிளாஸ்டிக் இழை, சூடு தாங்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தகைக்கு மாவு வேக வைத்துவிட்டு, மூடியைத் திறந்தேன். முகத்துக்கு நேரே வந்த ஆவியில் முன்முடி சுருண்டு பொசுங்கிவிட்டது. என்ன செய்தும் திரும்ப நேராகவில்லை. அம்மா அடுப்பு வேலை செய்வார் என்றால், எந்த விக்காக இருந்தாலும் சமையல்கட்டுக்குள் கழற்றிவிடச் சொல். வீட்டுக்குத் தொப்பி போதும்.

தொப்பியைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், இது என் தொழில். முடி கொட்டிய தலை பச்சைக் குழந்தைத் தலைபோல இருக்கும், தலையணை பட்டாலே எரியும். காட்டன் பனியன் துணியில் தைக்க வேண்டும். துணி ஓரம் பிரியாமல் போடுகிற ஓவர்லாக் தையல் வெளிப்பக்கம் வர வேண்டும், உள்ளே வந்தால் தலையில் கோடு விழுந்து உறுத்தும். விக்குக்கு அடியிலும் அதே துணியில் மெல்லிசாக ஒன்று போட்டால் வேர்வையை உறிஞ்சும், விக் நகராது. ஐந்தாறு வைத்துக்கொண்டு தினம் துவைத்து மாற்றணும். ஒட்டுகிற டேப், பசை எல்லாம் கீமோ நேரத்தில் வேண்டாம்.

புதன்கிழமைக்கு முன்னால் இரண்டு வேலை செய். அம்மாவை நேராகவும் பக்கவாட்டிலும் போட்டோ எடு. ஒரு கற்றை முடியை வெட்டிக் கவரில் போட்டு வை, நிறம் பார்த்து வாங்க அது வேண்டும். முதல் கீமோ முடிந்து 2, 3 வாரத்தில் கொட்ட ஆரம்பிக்கும். முடி போனதும் தலைச்சுற்றளவு கொஞ்சம் குறையும், அதனால் பின்னால் இழுத்து மாட்டுகிற பட்டி உள்ள விக்காகப் பார். கைநிறைய வருகிறபோது மொட்டை அடித்துவிடலாம் என்று தோன்றும். சவரக்கத்தி மட்டும் வேண்டாம். கீமோவில் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும், சின்ன வெட்டுக்காயத்திலும் கிருமி ஏறிவிடும். ட்ரிம்மரில் ஒட்ட எடுத்தால் போதும்.

அலசுவது: தினம் போட்டால் நம்ம வெயிலுக்குப் பத்து நாளைக்கு ஒரு தடவை. முதலில் அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே மேலே சிக்கெடுக்கணும். பக்கெட்டில் பச்சைத் தண்ணீர், ஒரு மூடி ஷாம்பு, ஐந்து நிமிசம் ஊறவைத்து முக்கி எடுத்தால் போதும். தேய்க்கவோ முறுக்கவோ கூடாது. எங்கள் போர்த் தண்ணீர் உப்பு. அதில் அலசி அலசித்தான் என் ஒரிஜினல் முடி விக் தேங்காய் நார்போல ஆனது. கடைசி அலசலுக்காவது குடிக்கிற தண்ணீரை எடு. துண்டில் சுற்றி அழுத்தி ஈரத்தை எடுத்து, நிழலில் காயவை. ஸ்டாண்ட் இல்லாமல் தூக்குப்போசியைக் கவிழ்த்து அதன்மேல்தான் மாட்டுவேன். சிந்தெடிக்கை ஈரத்தோடு சீவக் கூடாது. ஒரிஜினல் முடிக்குக் கண்டிஷனர் போடலாம், அதுவும் பாதிக்குக் கீழேதான். வலையோடு கட்டியிருக்கிற வேர்ப்பக்கம் பட்டால் முடிச்சு இளகி முடி உதிரும். தேங்காய் எண்ணெய் வைத்துவிடுவார் அம்மா, பார்த்துக்கொள்.

வகிட்டுக் குங்குமமும் அப்படித்தான், லேஸ் வலையில் ஏறினால் போகாது. நான் லேசுக்குக் கீழே நெற்றித் தோலில் வைத்துக்கொண்டேன்.

ஆனைமலைக்காரன்:
என் மகளுக்கு 12 வயது. புழுவெட்டு தலை முழுக்கப் பரவி, 2 வருசமாக விக் போட்டுத்தான் பள்ளிக்கூடம் போகிறாள். இவளுக்குக் கீமோ எதுவும் இல்லாததால், நெற்றி ஓரத்தில் சிலிகான் பட்டை வைத்ததை வாங்கினோம், ஓடினாலும் நழுவுவதில்லை. ஒன்றையே தினம் போட்டால் சீக்கிரம் போய்விடுகிறது, அதனால் இரண்டை மாற்றி மாற்றிப் போடுகிறோம். ஸ்கூட்டரில் போகும்போது மேலே துணி கட்டிவிடுங்கள். காற்றில் விழும் சிக்கை எடுப்பதற்குள் பாதி முடி கையில் வந்துவிடும்.

ஈரோடு பார்லர்:
18 வருசமாக முடி வெட்டுகிறேன், விக்கும் வெட்டிக் கொடுக்கிறேன். மூன்று விசயம் சொல்லணும். கருகரு என்ற கறுப்பை எடுக்காதீர்கள், வெயிலில் பொம்மை முடிபோலத் தெரியும். 54 வயதுக்குக் கரும்பழுப்பு, காதோரம் கொஞ்சம் நரை இருந்தால்தான் அவர் முகமாக இருக்கும். அடர்த்தியும் குறைவாகக் கேளுங்கள். ஸ்டாண்டில் வைத்து வெட்டாமல், அம்மா தலையில் மாட்டிய பிறகு வெட்டச் சொல்லுங்கள். கல்யாணத்தன்று மல்லிகைச் சரத்தை ஊசி குத்தி வைத்தால் லேஸ் கிழியும். கொண்டையைச் சுற்றி நூலால் கட்டுங்கள்.

கோபிப் பொண்ணு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. அக்கா எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சந்தகை ஆவி இடத்தில் "அய்யோ பாவம்" என்றவர், எழுந்துபோய்க் கத்தரிக்கோலை எடுத்துவந்து தானே ஒரு கற்றையை வெட்டிக் கொடுத்தார். நரையும் சேர்ந்து வந்திருக்கிறது. கல்யாணத்துக்குச் சுற்றிலும் லேஸ் வைத்துத் தோள் வரைக்கும் ஒரிஜினல் முடி, மற்ற நாளைக்குத் தொப்பி என்று முடிவு செய்திருக்கிறோம். அக்கா, அந்தத் தொப்பி எங்கே கிடைக்கும்?

திருப்பூர் அக்கா:
கடைக்குப் போக வேண்டாம், நானே தைத்துத் தருகிறேன். நெற்றி முடி தொடங்குகிற இடத்திலிருந்து காதுக்கு மேலாகப் பின்கழுத்து வரை டேப்பைச் சுற்றி, எத்தனை இஞ்ச் என்று தனிச்செய்தியில் அனுப்பு. அம்மாவுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்றும் கேட்டுச் சொல்.