ஒரே ஒரு பட்டைதான், அதுவும் டேப் ஓரமாகக் கசிகிறது. என்ன செய்யலாம்?

பொட்டதாங் செல்வி:
எல்லோருக்கும் வணக்கம். ரங்கூனில் ஒரு மாடி வீட்டில் இருக்கிறேன். ஆறு மாதமாக அக்ரிலிக்கில் மினிமலிஸ்ட் வகை அரூப ஓவியம் செய்து பார்க்கிறேன், அதாவது இரண்டு நிறம், ஒரு பட்டை, அவ்வளவுதான். பூ, படகு எல்லாம் வரைந்த காலத்தில் தவறு வந்தால் மேலே இன்னொரு இலையைப் போட்டு மறைத்துவிடுவேன், இதில் மறைக்க இடமே இல்லை. போன வாரம் 60க்கு 60 செ.மீ. கேன்வாஸில் சாம்பல் கலந்த வெள்ளைத் தரை (அதாவது பின்னணிப் பூச்சு), கீழிருந்து ஒரு சாண் உயரத்தில் செங்காவிப் பட்டை. பட்டை நேராக வர ஒட்டிய டேப்பை உரித்தால் ஓரம் முழுக்கப் பூரான் கால் மாதிரி நிறம் ஓடியிருக்கிறது. தரையில் ஓர் இடம் வெளிறியிருந்ததால் மறுநாள் புதிதாகக் கலந்து ஒட்டுப்போட்டேன், காய்ந்ததும் அது திட்டாகத் தெரிகிறது. இன்னொன்று, பட்டையை எங்கே வைப்பது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்? நடுவில் வைத்தால் கொடி போல இருக்கிறது.

உப்புத்தாள்:
தங்கச்சி, கேன்வாஸ் நெசவு மேடும் பள்ளமுமாக இருக்கும். டேப் மேட்டில் மட்டும் ஒட்டுகிறது, பள்ளம் வழியே பெயிண்ட் உள்ளே ஓடுகிறது. முதலில் தரையைச் சரிசெய்யுங்கள். கடைக் கேன்வாஸில் ஏற்கெனவே ஜெஸ்ஸோ (பெயிண்டுக்கு அடியில் பூசும் வெள்ளை அடிப்பூச்சு) பூசியிருந்தாலும் இந்த வேலைக்கு அது பத்தாது, மேலே இன்னும் மூன்று கை பூச வேண்டும், ஒரு கை நெடுக்கே, அடுத்தது குறுக்கே, ஒவ்வொன்றும் காய்ந்தபின் 220 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் தூசியைத் துடைத்துவிட வேண்டும். என் அப்பா கட்டட பெயிண்டர். சுவருக்குப் பட்டி பார்த்துத் தேய்த்து முடிக்காமல் பெயிண்ட் டப்பாவைத் திறக்கவே விடமாட்டார்.

அப்புறம் டேப். ஒட்டியதும் ஓரத்தைக் கரண்டி முதுகால் அழுத்தித் தேய்த்து, அதன் மேல் உங்கள் சாம்பல் வெள்ளையையே ஒரு கை பூசுங்கள். கசிவது அந்த நிறமாக இருக்கும், சந்துகளை அடைத்துவிடும், தரையோடு தரையாகக் கிடப்பதால் கண்ணுக்குத் தெரியாது. அது காய்ந்தபின் செங்காவி. கடைசிக் கை ஈரமாக இருக்கும்போதே டேப்பை அதன் மேலேயே மடக்கி மெதுவாக இழுங்கள், முழுக்கக் காய்ந்துவிட்டால் பெயிண்ட் தோலாக உரிந்து வந்துவிடும்.

திட்டுக்குக் காரணம் வேறு. அக்ரிலிக்கில் இருக்கும் பசை ஈரத்தில் பால் போல வெள்ளையாக இருக்கும், காய்ந்தால் கண்ணாடி போலத் தெளிந்துவிடும், அதனால் நிறம் ஒரு படி கறுக்கும். காய்ந்ததைப் பார்த்து ஈரத்தில் கலந்தால் பொருந்தவே பொருந்தாது. எல்லாக் கைக்கும் வேண்டியதை ஒரே தடவையில் கலந்து, மூடி இறுகிய ஜாம் பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள். தூரிகை வேண்டாம், சின்ன ஸ்பஞ்ச் ரோலர் எடுங்கள்.

மௌல்மீன் அக்கா:
பட்டை எங்கே என்ற கேள்விதான் செல்வி, எனக்குப் பிடித்தது. நான் கலர்த்தாளில் பட்டையை வெட்டி, வெறும் கேன்வாஸில் லேசாக ஒட்டி, சாப்பிட உட்காரும் இடத்துக்கு எதிரே மாட்டிவிடுவேன். போகிற வருகிறபோது கண் விழும், எங்கே இடிக்கிறது என்று நாலைந்து நாளில் தெரிந்துவிடும். ஒரு படத்துக்குப் பதினொரு நாள் தாளை நகர்த்திக்கொண்டே இருந்தேன். கடைசியில் பட்டை இடது விளிம்பைத் தொடாமல் அரை விரல் விட்டு நின்றது, அந்த அரை விரல் வெள்ளைதான் படத்தையே தாங்குகிறது. அளவுகோல் வைத்து மூன்றில் ஒரு பங்கு என்று கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன், எனக்கு அது உயிரில்லாமல்தான் வந்தது. கரண்ட் போன இரவில் பேட்டரி விளக்கில் மட்டும் நிறம் கலக்காதே. காலை வெளிச்சத்தில் பார்த்தால் அது வேறு நிறமாக இருக்கும்.

கோட்டோவியன்:
உப்புத்தாள் அண்ணன் சொன்னது சரிதான், ஆனால் எல்லா ஓரமும் கத்தியால் அறுத்த மாதிரிதான் இருக்க வேண்டுமா? அமெரிக்க ஓவியர் ஃபிராங்க் ஸ்டெல்லா 1958ல் தொடங்கிய கறுப்பு ஓவியங்களைப் பாருங்கள். வீட்டுக்கு அடிக்கும் பெயிண்ட், வீட்டுக்கு அடிக்கும் தூரிகை, டேப் இல்லாமல் கையாலேயே இழுத்த பட்டைகள். இடையில் பூசாமல் விட்ட மெல்லிய கேன்வாஸ் கோடு அங்கங்கே நடுங்கும், அந்த நடுக்கம்தான் கண்ணைப் பிடித்து நிறுத்துகிறது. ஆக்னஸ் மார்ட்டின் என்ற ஓவியர் ஆறடிச் சதுரக் கேன்வாஸில் பென்சிலால் கோடு போட்டவர். தள்ளி நின்றால் பனி போல இருக்கும், கிட்டே போனால் நெசவில் பென்சில் தட்டித் தட்டிப் போனது தெரியும். அந்தப் பூரான் கால் கேன்வாஸைத் தூக்கிப் போடாதீர்கள். ஒருமுறை டேப் இல்லாமல் கையால் இழுத்துப் பாருங்கள்.

பொட்டதாங் செல்வி:
மூவருக்கும் நன்றி. அக்கா, தாள் ஒட்டி மாட்டிவிட்டேன், முதல் நாளே பட்டை மேலே ஏறினால் நன்றாக இருக்கும் போலத் தோன்றுகிறது. ஆனால் மழை தொடங்கிவிட்டது, ஜெஸ்ஸோ ஒரு கை காயவே ஒரு நாள் ஆகிறது, கேன்வாஸும் தொளதொளவென்று ஆகிவிட்டது.

பகான் பக்கம்:
நான் லாக்கர் வேலை, அதாவது பாத்திரத்துக்கு மரப்பால் பூசி மெருகேற்றும் வேலை நடக்கும் ஊரில் வளர்ந்தவன். திட்சி மரப்பாலுக்கு ஈரம்தான் வேண்டும், பூசிய பாத்திரத்தை நிலவறையில் நாள் கணக்கில் வைத்தால்தான் இறுகும். அக்ரிலிக் நேர்மாறு, தண்ணீர் வெளியே போனால்தான் காயும். அதனால் மழைக்காலத்தில் கெட்டியாக ஒரு கை பூசுவதை விட மெல்லிசாக இரண்டு கை பூசுங்கள், மின்விசிறியைக் கேன்வாஸ் மேல் வைக்காமல் அறையில் காற்று ஓடும்படி திருப்பி வையுங்கள். தொய்வுக்கு, சட்டத்தின் உள்மூலையில் ஆப்பு செருகும் காடி இருந்தால் மரச் சுத்தியால் நான்கு மூலையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் தட்டுங்கள். இல்லாவிட்டால் பின்பக்கம் லேசாகத் தண்ணீர் தெளித்துக் காயவிடுங்கள், இறுகிவிடும். மாட்டும்போது பின்னால் கீழ் மூலைகளில் கார்க் துண்டு ஒட்டிச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்துங்கள். என் முதல் படம் ஒரு மழைக்காலத்தில் முதுகெல்லாம் பூசணம் பிடித்துப் போனது.

பொட்டதாங் செல்வி:
காடி இருக்கிறது அண்ணே, ஆப்புதான் இல்லை. நாளை மரக்கடையில் கேட்கிறேன். தாள் பட்டை இன்றைக்கு இரண்டு விரல் மேலே ஏறியிருக்கிறது.