வேன் கிளம்பிவிட்டால் என்ன செய்வாய்?

குழு: வீட்டு வாசல்

*திங்கள், இரவு*

நான் (8:41): எல்லோருக்கும் ஒரு செய்தி. ஞாயிற்றுக்கிழமை பைக் ரேஸுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். வழக்கமான ட்ராக் இல்லை, எனக்குப் புதுசு. 3.2 கி.மீ., 11 வளைவு.

அம்மா (8:43): கேட்டுவிட்டுத்தான் கொடுத்தாயா?

நான் (8:43): இப்போது சொல்கிறேனே அம்மா

மாமா (8:44): மாப்பிள்ளை, கோப்பையோடு வா. இல்லாவிட்டால் வண்டியோடாவது வா.

அம்மா (8:44): அண்ணா, வாயை வைத்துக்கொண்டு சும்மா இரு

சித்தப்பா (8:52): அங்கே ஒரு லேப்பாவது ஓட்டியிருக்கிறாயா?

நான் (8:53): இல்லை சித்தப்பா. ஆனால் வண்டியிலேயே கேமரா வைத்து எடுத்த ஆன்போர்டு வீடியோ முப்பது தடவை பார்த்தாயிற்று. கண்ணை மூடினால் ட்ராக் முழுதும் ஓடுகிறது.

சித்தப்பா (8:54): சரி, கண்ணை மூடு. ஏழாவது வளைவு. எங்கே பிரேக்?

நான் (8:55): ஆறாவது வளைவு முடிந்து கொஞ்ச தூரம் போனதும்

சித்தப்பா (8:55): கொஞ்ச தூரம் என்றால்? அங்கே என்ன இருக்கிறது?

நான் (8:57): புல்

சித்தப்பா (8:57): ட்ராக் முழுக்கப் புல்தான்டா இருக்கும்.

குட்டி (8:58): அண்ணா, அந்த ட்ராக் என் கேமில் இருக்கிறது!! ஏழில் நான் பிரேக்கே தொடமாட்டேன். கேஸை (ஆக்ஸிலேட்டரை) லேசாக விட்டாலே போதும்.

சித்தப்பா (9:10): இரண்டு பேரும் கேளுங்கள். வரிசையைத் தெரிந்துகொள்ள வீடியோவும் கேமும் நல்லதுதான். இடதுக்கு அடுத்து வலதா, எது எங்கே முடிகிறது என்பதெல்லாம் அதிலேயே பழகிவிடும். ஆனால் கேமரா மேட்டையும் பள்ளத்தையும் தட்டையாக்கிவிடும். தரை இறங்குகிறதா ஏறுகிறதா என்பது அதில் பாதிதான் தெரியும். அமெரிக்காவில் லகுனா செக்கா ட்ராக்கில் கார்க்ஸ்க்ரூ என்று ஒரு இடம். வீடியோவில் பார்த்தால் ஏதோ இடது வலது. நிஜத்தில் கிட்டத்தட்ட ஐந்து மாடி உயரம் கீழே விழுகிற மாதிரி இறக்கம். மேட்டின் உச்சிக்கு வரும்போது ரோடே தெரியாது. முன்கூட்டிக் குறித்துவைத்த எதையாவது நம்பித்தான் வண்டியைச் சாய்க்க வேண்டும்.

சித்தப்பா (9:14): ஐல் ஆஃப் மேன் டிடி என்ற பைக் ரேஸில் ஒரு சுற்று 60 கி.மீ.க்கு மேல். வளைவு 200க்கு மேல். புதிதாக வருகிறவர்களுக்கு ஆரஞ்சு மேலங்கி மாட்டிவிட்டு, முதல் சுற்றில் அனுபவசாலி ஒருவர் வேகத்தை அடக்கி முன்னால் கூட்டிப்போவார். வேறு ட்ராக்குகளில் ஜெயித்து வந்தவர்களுக்கும் அதே மேலங்கிதான். நீ முப்பது வீடியோவில் முடித்துவிட்டாய்.

நான் (9:15): சரி சித்தப்பா. என்ன செய்ய?

சித்தப்பா (9:18): ஒரு நோட்டு வாங்கு. வளைவுக்கு ஒரு பக்கம். ஒவ்வொன்றிலும் நான்கு இடம்: பிரேக் பிடிப்பது, திருப்புவது, அபெக்ஸ் (வளைவின் உள்விளிம்பை வண்டி தொடும் இடம்), வெளியே வரும்போது வண்டி தொட வேண்டிய விளிம்பு. நான்குக்கும் கண்ணுக்குத் தெரிகிற ஒரு பொருள் வேண்டும். புல் என்று எழுதினால் நோட்டைக் கிழித்துவிடுவேன்.

*செவ்வாய்*

அக்கா (காலை 7:20): டேய், கியர் என்ன யோசித்திருக்கிறாய்? அங்கே நீளமான ஸ்ட்ரெயிட் எவ்வளவு?

நான் (7:31): 600 மீட்டர்தான். இங்கே நான் பழகியது 900.

அக்கா (7:40): இப்போது செயின் ஓடும் பல்சக்கரம் முன்னால் 15 பல், பின்னால் 45. விகிதம் 3. இதே செட்டோடு போனால் டாப் கியர் அங்கே சும்மாதான் கிடக்கும், அதன் முழு வேகத்துக்கு வருவதற்குள் ஸ்ட்ரெயிட் முடிந்துவிடும். விகிதம் கூடினால் அந்த முழு வேகம் சீக்கிரம் வரும். பின்னால் 47 போட்டால் 3.13. முன்னால் 14 ஆக்கினால் 3.21. முன்னால் ஒரு பல் குறைப்பது ஏறக்குறைய பின்னால் மூன்று பல் கூட்டுவதற்குச் சமம்.

நான் (7:42): அப்போ 14 போதுமே. சின்ன வேலை.

சித்தப்பா (7:55): போதும், ஆனால் வீல் எங்கே போய் நிற்கும் என்று பார். அதே செயினில் முன்னால் சின்னது போட்டால் ஆக்ஸில் பின்னால் போகும், வண்டி நீளும். பின்னால் பெரியது போட்டால் ஆக்ஸில் முன்னால் வரும், வண்டி குறுகித் துடிப்பாகத் திரும்பும். நெருக்கமான வளைவு அதிகம் என்கிறாய். நான் என்றால் 47. 45-ஐயும் பையில் போட்டுக்கொள். அங்கே போன பிறகுதான் சரி தவறு தெரியும்.

மாமா (8:02): பல் டாக்டர் குழுவில் தெரியாமல் சேர்ந்துவிட்டேனா

அம்மா (8:05): 😀

குட்டி (மாலை 5:30): அண்ணா, எண்ணிப் பார்த்தேன். இடது 8, வலது 3. இரண்டிலிருந்து ஆறு வரைக்கும் வரிசையாக இடதுதான். அப்புறம் ஏழு வலது.

சித்தப்பா (5:48): குட்டி, இது உருப்படியான வேலை. ஜெர்மனியில் சாக்சன்ரிங் இப்படித்தான், 13 வளைவில் 10 இடது. தொடர்ந்து இடமாகவே சாய்ந்து போவதால் டயரின் வலப்பக்கம் ஆறிப்போகும். அதற்கப்புறம் இறக்கத்தில் ஒரு வேகமான வலது, பதினோராவது வளைவு. உலகப் போட்டியான மோட்டோஜிபி ஆட்களே அங்கே விழுந்திருக்கிறார்கள். உன் அண்ணனுக்கு ஏழாவது அதுதான்.

அம்மா (5:50): இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அம்மா (5:51): லெதர் சூட் முழங்கைத் தையல் பிரிந்திருந்ததே, தைத்தாயா?

நான் (5:52): தைத்தாயிற்று அம்மா. முதுகுக் கவசமும் எடுத்து வைத்துவிட்டேன்.

*புதன், இரவு*

நான் (9:30): வண்டி வேலை: கண்ணாடி, இண்டிகேட்டர் கழற்றியாயிற்று. ஹெட்லைட்டுக்கு டேப். பிரேக் ஆயில் முழுக்க மாற்றி ஏர் எடுத்தாயிற்று. பேட் புதுசு. ஆயில் ட்ரெயின் போல்ட், ஃபில்டர், ஊற்றும் மூடி மூன்றும் கழலாமலிருக்க லாக் வயர் கட்டியாயிற்று.

சித்தப்பா (9:41): லாக் வயர் படம் போடு.

நான் (9:44): (படம்)

சித்தப்பா (9:46): கட்டிய திசை தப்பு. போல்ட் கழலப் பார்க்கும்போது வயர் அதை இறுக்குகிற பக்கம் இழுக்க வேண்டும். நீ கட்டியிருப்பது கழற்றிவிடத் துணைக்கு ஆள் வைத்த மாதிரி இருக்கிறது. அறுத்துவிட்டுத் திரும்பக் கட்டு.

சித்தப்பா (9:47): கூலன்ட்?

நான் (9:48): பச்சைக் கூலன்ட்தான், போன மாதம் மாற்றியது

சித்தப்பா (9:55): வடித்துவிட்டு வெறும் தண்ணீர் ஊற்று. ரோட்டுக் கூலன்ட்டில் இருக்கிற கிளைக்கால் தரையில் சிந்தினால் எண்ணெய் மாதிரி, லேசில் காயாது. கழுவினாலும் முழுசாகப் போகாது. எங்கள் காலத்தில் ஒரு ரேஸில் ஒருத்தன் வண்டியில் ஹோஸ் பிய்த்துக்கொண்டது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, பின்னால் வந்த மூன்று பேர் ஒரே இடத்தில் வரிசையாகப் படுத்தார்கள். மூன்றாவது ஆள் நான். காலர் எலும்பு.

அம்மா (9:56): தம்பி, அது மாடிப்படியில் விழுந்தது என்றுதானே அன்றைக்குச் சொன்னீர்கள்?

சித்தப்பா (10:03): அண்ணி, அது ரொம்பப் பழைய கதை

மாமா (10:04): 😂😂😂

*வெள்ளி, மாலை*

நான் (6:20): வந்து சேர்ந்துவிட்டேன். ஐந்து மணிக்கு ட்ராக்கை நடந்து பார்க்க விட்டார்கள். வெறும் நடைதான், ஆனால் வீடியோவில் பார்த்த இடமா இது என்று இருக்கிறது. ஆறாவது வளைவு தாண்டியதும் தரை சரிகிறது. நடக்கும்போதே முட்டியில் தெரிந்தது. ஏழு முழுக்க இறக்கத்தில்தான்.

குட்டி (6:21): கேமில் அப்படி இல்லையே

நான் (6:22): நாலாவது வளைவின் உள்பக்கம் புதிதாகத் தார் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். உள்ளங்கையைத் தேய்த்துப் பார்த்தேன். மற்ற இடம் உப்புத்தாள் மாதிரி சொரசொர, ஒட்டு மட்டும் வழவழ. அங்கே ஓரடி தள்ளித்தான் போகப்போகிறேன்.

சித்தப்பா (6:25): இதைத்தான் எதிர்பார்த்தேன். நோட்டைக் காட்டு.

நான் (6:31): முக்கியமான பிரேக் இடங்கள் மட்டும் தட்டுகிறேன்.
ஒன்று: வளைவுக்கு 150 மீட்டர் என்று காட்டும் போர்டு.
மூன்று: கர்ப் (ட்ராக் ஓரக் கட்டை) சிவப்பு வெள்ளை தொடங்கும் இடம்.
ஐந்து: ரோட்டின் குறுக்கே மரத்து நிழல் விழும் இடம்.
ஏழு: இடப்பக்கம் வெள்ளை வேன் நிற்கிறது, அதன் பின்சக்கரம்.
பத்து: கொடி காட்டும் மார்ஷல் நிற்கிற மேடை.

சித்தப்பா (6:33): நடந்தது எத்தனை மணிக்கு?

நான் (6:33): ஐந்து

சித்தப்பா (6:33): ரேஸ்?

நான் (6:34): காலை பத்தரை

நான் (6:34): ஓ

அக்கா (6:35): 🤦

சித்தப்பா (6:36): காலையில் அந்த நிழல் ரோட்டுக்கு அந்தப் பக்கம் விழும். மேகம் வந்தால் விழவே விழாது. அப்புறம் அந்த வேன். அது யாருடையது?

நான் (6:37): தெரியவில்லை. ட்ராக் ஆட்களுடையதாக இருக்கும்.

சித்தப்பா (6:38): நீ பிரேக் பிடிப்பதற்காகவா அதை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள்? வேன் கிளம்பிவிட்டால் என்ன செய்வாய்? அதுவும் ஏழாவது வளைவில்.

நான் (6:40): கேட் மூடிவிட்டார்கள். நாளைக்கு முதல் பயிற்சி செஷனில் வேறு பார்க்கிறேன்.

சித்தப்பா (6:44): முதல் செஷன் முழுக்க அதற்குத்தான். நூற்றுக்கு எழுபது ஓட்டு, கண்ணுக்கு நூறு வேலை கொடு. யாராவது தாண்டிப் போனால் போகட்டும், வழி விடு. 180 வேகத்தில் ஒரு நொடிக்கு 50 மீட்டர். மீட்டரைக் குனிந்து பார்த்தால் ஒரு போர்டு போயே போய்விடும். அதனால் இரவே உட்கார்ந்து மனசுக்குள் பத்து லேப் ஓட்டிவிட்டுத் தூங்கு.

குட்டி (6:50): கொடி கேள்வி கேட்கட்டுமா அண்ணா? கருப்பில் ஆரஞ்சு வட்டம்?

நான் (6:51): என் நம்பரோடு காட்டினால் என் வண்டியில் கோளாறு, உடனே ட்ராக்கை விட்டு ஓரம் போக வேண்டும். மஞ்சள்: ஆபத்து, தாண்டக்கூடாது. மஞ்சள் சிவப்புக் கோடு: வழுக்கும். சிவப்பு: வேகம் குறைத்துப் பிட்டுக்கு, அதாவது வண்டிகள் நிற்கும் இடத்துக்கு.

குட்டி (6:51): பாஸ்

*சனி*

நான் (காலை 10:15): முதல் செஷன் முடிந்தது. ஐந்தில் நிழலுக்குப் பதில் வேலிக் கம்பம் கிடைத்தது. டயரில் 26 பி.எஸ்.ஐ. வைத்துப் போனேன், வந்தவுடன் அளந்தால் 32.

அக்கா (10:22): கணக்கு சரிதான். 25 டிகிரியில் 26 வைத்து உள்ளே இருக்கிற காற்று 70 டிகிரிக்குச் சூடானால் 32தான் வரும்.

நான் (10:24): டயர் கம்பெனி சொல்கிற சூட்டு அளவுக்கு இது இரண்டு கூடுதல். சூட்டோடு சூடாக இறக்கிவிட்டேன்.

சித்தப்பா (10:26): வேன்?

நான் (10:27): இன்னும் நிற்கிறது சித்தப்பா. ரொம்ப வசதியாக இருக்கிறது.

சித்தப்பா (10:27): ம்

நான் (பிற்பகல் 12:40): யாரும் பதற வேண்டாம். இரண்டாவது செஷனில் ஏழில் நேராக வெளியே போய்விட்டேன். விழவில்லை. வண்டிக்கும் ஒன்றுமில்லை.

அம்மா (12:40): என்ன ஆச்சு

அம்மா (12:40): போன் எடு

நான் (12:48): பேசிவிட்டேன். அம்மா ஓகே. சித்தப்பா, பிரேக் பிடித்தது அதே வேன் சக்கரத்தில்தான். ஆனாலும் வண்டி நிற்கவில்லை.

சித்தப்பா (12:50): ஆறிலிருந்து வெளியே வருவது காலையைவிட நன்றாக வந்ததா?

நான் (12:51): ஆமாம்! கேஸை முன்னாடியே திறந்தேன், வண்டி கர்ப் வரைக்கும் போய் அழகாக எழுந்தது.

அக்கா (12:55): அதுதான் விஷயம். காலையில் ஏழுக்கு 140-ல் வந்திருப்பாய். 90-க்கு இறங்க, முழு பலத்தில் பிடித்தாலும் சமதரையிலேயே 45 மீட்டர் ஆகும். இப்போது 150-ல் வந்தால் 57. அங்கே இறக்கம் வேறு. ஒரு பஸ் நீளம் எங்கே போயிற்று என்று தேடினால் அது ஆறாவது வளைவில் இருக்கிறது.

சித்தப்பா (12:58): ஒரு வளைவு நன்றாக வந்தால் அடுத்த வளைவின் பிரேக் இடத்தைத் திரும்பக் கணக்குப் போட வேண்டும். வெளியே போனதும் என்ன செய்தாய்?

நான் (12:59): நீங்கள் சொன்னதுதான். சாய்க்கப் பார்க்கவில்லை. நிமிர்த்தி, பிரேக்கை மெல்ல விட்டு, சரளைக்குள் நேராகப் போனேன். மார்ஷல் கை காட்டிய பிறகு ஓரமாகவே உள்ளே வந்தேன்.

சித்தப்பா (1:00): நல்ல பிள்ளை. இப்போது வேனை விடு. தரையில் ஏதாவது தேடு.

நான் (மாலை 5:05): கிடைத்தது. வேன் நிற்கிற இடத்துக்குச் சுமார் 15 மீட்டர் முன்னால் ரோட்டின் குறுக்கே ஒரு விரிசலை அடைத்துத் தார் ஊற்றியிருக்கிறார்கள். சாம்பல் ரோட்டில் கருப்பாக ஒரு பாம்பு மாதிரி. கடைசி செஷனில் எட்டு லேப்பும் அதில்தான் பிடித்தேன். எட்டும் அபெக்ஸைத் தொட்டது. டயரின் வலப்பக்கம் ஆறியிருக்கும் என்று சாய்ப்பதையும் கொஞ்சம் மெதுவாகச் செய்தேன்.

அக்கா (5:07): கியர்?

நான் (5:08): 47 சரி. ஸ்ட்ரெயிட் முடியும்போது டாப்பில் ஊசி சிவப்பைத் தொடப் போகும், தொடாது.

குட்டி (5:10): பாம்பு கேமில் இல்லை. இப்போதுதான் பார்த்தேன்.

*ஞாயிறு, காலை*

நான் (9:12): வார்ம்-அப் முடிந்தது. (படம்)

அக்கா (9:13): வெறும் புல்தானே இருக்கிறது. எதைக் காட்டுகிறாய்?

நான் (9:13): ஏழாவது வளைவு

குட்டி (9:14): வேன் எங்கே!!

நான் (9:14): காலையில் வந்து பார்த்தால் இல்லை

மாமா (9:15): மச்சான், உண்மையைச் சொல்லுங்கள். ராத்திரி நீங்கள்தானே போய் எடுக்கச் சொன்னீர்கள்?

சித்தப்பா (9:16): பாம்பு இருக்கிறதா?

நான் (9:16): இருக்கிறது சித்தப்பா

சித்தப்பா (9:17): அப்புறம் என்ன. போனைப் பைக்குள் வை. கையுறையைப் போடு.