இன்ஸ்டாவில் எல்லாரும் பார்க்கிறார்கள், யாரும் வாங்குவதில்லை. என்ன செய்யலாம்?

நிப்பட்டு வீடு (காவேரிப்பட்டினம்):
வணக்கம். நானும் மாமியாரும் வீட்டிலேயே நிப்பட்டு (தட்டை மாதிரி ஒரு பலகாரம்), முறுக்கு, கம்பு லட்டு போட்டு விற்கிறோம். அக்கம்பக்கத்து மளிகைக் கடைகளுக்கும் கிருஷ்ணகிரியில் ஒரு பேக்கரிக்கும் போகிறது. தீபாவளி, கல்யாண சீர் என்றால் கை ஓயாது, மற்ற மாதங்களில் அடுப்பே சும்மா கிடக்கிறது. நாத்தனார் மகன் "இன்ஸ்டாவில் போடுங்க அத்தை, பிச்சுக்கும்" என்று சொல்லி ஒரு பக்கம் திறந்து கொடுத்தான். மாமியார் வாழையிலையில் மாவைத் தட்டி எண்ணெயில் விடுகிற ரீல் ஒன்று நன்றாக ஓடியது. கமெண்டில் ஒரே "சூப்பர்", "ஊர் ஞாபகம் வந்துடுச்சு", "விலை என்ன". ஆனால் ஆர்டர் என்று வந்தது சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. இதற்கு நடுவில் ஒருவர் போன் செய்து, பணம் கட்டினால் பத்தாயிரம் ஃபாலோயர் சேர்த்துத் தருகிறேன் என்கிறார். காசு கட்டினால் பதிவை இன்னும் நிறையப் பேருக்கு விளம்பரமாகக் காட்டுகிற பூஸ்ட் என்று ஒரு பட்டன் வேறு கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. காசு போடலாமா? போட்டோவும் என்னவோ மங்கலாகத்தான் வருகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாந்தோப்பு (பர்கூர் பக்கம்):
ஃபாலோயர் விற்கிற ஆளை முதலில் பிளாக் செய்யுங்கள். அவர் சேர்க்கிற பத்தாயிரம் பேரில் ஒருவர்கூட நிப்பட்டு தின்னப் போவதில்லை, பாதிக்கு மேல் போலிக் கணக்குதான். உங்கள் படத்தை அந்தக் கூட்டத்துக்குக் காட்டி யாருமே தொடவில்லை என்றால், நல்லா இல்லாத பக்கம் போல என்று இன்ஸ்டாவும் நினைத்துக்கொள்ளும்.

நான் சீசனில் செந்தூரா, அல்போன்சா, பங்கனப்பள்ளி மூன்றும் இன்ஸ்டா வழியாகக் கொடுக்கிறேன். தோத்தாபுரி எப்படியும் கூழ் ஃபேக்டரிக்குப் போய்விடும், அதை அங்கே போடுவதில்லை. இதில் நான் பார்த்தது என்னவென்றால், அதிகம் ஓடுகிற ரீலும் காசு கொடுக்கிற ரீலும் வேறு வேறு. மரத்தில் தொங்குகிற பழத்தைக் காட்டினால் ராமநாதபுரத்திலிருந்து துபாய் வரை எல்லாரும் பார்ப்பார்கள், சந்தோஷம், அவ்வளவுதான். "செந்தூரா ஐந்து கிலோ பெட்டி, இன்ன விலை, வெள்ளிக்கிழமை ஓசூர், எலக்ட்ரானிக் சிட்டி வண்டி, புதன் இரவு வரை ஆர்டர்" என்று வெறும் பெட்டியைக் காட்டிப் போடுகிறதைக் கொஞ்சம் பேர்தான் பார்ப்பார்கள், ஆனால் பெட்டி காலியாகும். ஏனென்றால் அதைப் பார்ப்பவருக்கு வாங்குவது எப்படி என்று தெரிகிறது. உங்கள் கமெண்டிலேயே "விலை என்ன" என்று கேட்கிறார்களே, அவர்கள்தான் வாடிக்கையாளர். அவர்களுக்கு "டிஎம் பண்ணுங்க" (தனி மெசேஜில் கேளுங்க) என்று பதில் போட்டிருந்தால் அங்கேயே ஆள் போச்சு. விலையை மறைத்து வைப்பது எதற்கென்று எனக்கு இன்றுவரை புரியவில்லை, நகைக்கடையா வைத்திருக்கிறோம்?

ஆகவே விலை, எடை, கூரியர் செலவு மூன்றையும் படத்தின் மேலேயே எழுதுங்கள். இன்ஸ்டாவில் படத்துக்குக் கீழே எழுதுகிற வரியில் லிங்க் போட்டால் அதைத் தட்ட முடியாது, எனவே பயோவில், அதாவது பக்கத்தின் மேலே இருக்கிற அறிமுக வரியில், வாட்ஸ்அப் லிங்க் வையுங்கள். அப்புறம் ஸ்டோரி 24 மணி நேரத்தில் போய்விடும், விலைப்பட்டியல் ஸ்டோரியை ஹைலைட்டில் சேர்த்தால் பக்கத்தின் மேலேயே நிற்கும். பெயர் இடத்தில் வெறும் பெயரைப் போடாமல் "நிப்பட்டு கிருஷ்ணகிரி" என்பதையும் சேருங்கள், தமிழிலும் ஆங்கில எழுத்திலும். தேடுகிறவர்களில் நிறையப் பேர் தமிழ் வார்த்தையை ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள்.

தகடூரான் (தருமபுரி):
எல்லாரும் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, நான் இன்ஸ்டாவை இரண்டாவதாகத்தான் சொல்வேன். முதலில் கூகுள் மேப்பில் பதிவு செய்யுங்கள், பைசா செலவில்லை. உங்களுக்குப் பக்கத்திலேயே சேலம் - பெங்களூர் நெடுஞ்சாலை. சனி, ஞாயிறு ஆனால் ஊருக்கு வருகிற வண்டியும் திரும்புகிற வண்டியும் எத்தனை! அதில் உட்கார்ந்திருப்பவர் போனை எடுத்து "பக்கத்தில் நிப்பட்டு" என்று தேடினால் மேப்பில்தான் தேடுவார், ரீல் பார்த்துக்கொண்டு இருக்க மாட்டார். வீட்டிலிருந்து செய்பவர்கள் முகவரியைக் காட்டாமல் எந்தெந்த ஊருக்குக் கொடுப்போம் என்று மட்டும் போடலாம். ஆனால் வழியில் நிறுத்தி வாங்குகிற ஆள் வேண்டும் என்றால் முகவரி கட்டாயம் தெரிய வேண்டும். அதை வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

பூஸ்ட் பற்றி: இப்போதைக்கு வேண்டாம். ஏற்கெனவே பலகாரம் வாங்கியவர்கள் திரும்ப வாங்குகிறார்களா என்று பார்த்துவிட்டு தீபாவளிக்கு முன்னால் ஒரு முறை, ஓசூர், பெங்களூர் மட்டும் என்று ஊரைக் குறித்து சின்னத் தொகையில் போட்டுப் பாருங்கள். தமிழ்நாடு முழுக்க என்று விட்டால் காசு தண்ணீராகப் போகும். விளம்பரத் தொகைக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு வரும், அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

இன்னொன்று, உணவுப் பாதுகாப்புத் துறை பதிவு எடுத்துவிட்டீர்களா? சின்ன அளவில் செய்பவர்களுக்கு அடிப்படைப் பதிவு போதும், அந்த 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் போட வேண்டும். வேர்க்கடலை, எள் சேர்ப்பதையும் பாக்கெட்டில் எழுதுங்கள், ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள். வெளியூர்க்காரர் முதல் தடவை வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார், அந்தப் பக்கத்தையும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.

ஓசூர் கேமரா:
அக்கா, போட்டோ மங்கலாக வருவதற்குக் கேமரா காரணமாக இருக்காது. பலகாரம் போடுகிற கையோடு போனை எடுக்கிறீர்கள், லென்ஸ் மேல் எண்ணெய்ப் படலம். நானே பல சமையல்காரர்களின் போனை வாங்கித் துடைத்துக் கொடுத்திருக்கிறேன். பழைய பருத்தித் துணியால் ஒரு துடை துடைத்துவிட்டு எடுங்கள், புது போன் வாங்கிய மாதிரி இருக்கும். ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு வாசல் பக்கம் காலையிலோ சாயங்காலமோ எடுங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால்தான் நிப்பட்டு மேலே இருக்கிற கடலையும் கறிவேப்பிலையும் தூக்கிக் காட்டும், நேர் மேலே இருந்து விழுந்தால் தட்டையாகத் தெரியும். எவர்சில்வர் தட்டு வேண்டாம், பளபளப்பு கண்ணைக் குத்தும், வாழையிலையோ முறமோ போதும்.

ரீலுக்கு சினிமாப் பாட்டு போடாதீர்கள். பிசினஸ் கணக்கில் பெரும்பாலான பாட்டுகள் கிடைக்காது, வேறெங்கிருந்தாவது எடுத்து ஒட்டினால் சத்தத்தை அணைத்துவிடுவார்கள். உங்களுக்குப் பாட்டே தேவையில்லை. எண்ணெயில் விழுகிற சத்தம், ஆறிய பிறகு இரண்டாக உடைக்கிற அந்த "டக்", இது போதும். மின்விசிறியையும் டிவியையும் நிறுத்திவிட்டு போனைக் கிட்டே வைத்துப் பதியுங்கள். உங்கள் மாமியார் பேசுவாரா? பேசினால் எழுதிக் கொடுக்காமல் அவர் பாட்டுக்குப் பேச விடுங்கள்.

நிப்பட்டு வீடு:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். லென்ஸைத் துடைத்தேன், என் வீட்டுக்காரர் இது எந்த போன் என்று கேட்கிறார்! மாமியார் கேமராவைப் பார்த்தால் முந்தானையை இழுத்து மூடிக்கொள்வார், கையை மட்டும் எடுத்துக்கொள் என்கிறார். பதிவு எண் இருக்கிறது, ஆனால் ஸ்டிக்கரில் ரொம்பச் சின்ன எழுத்தில். பெரிதாக்கச் சொல்லிவிட்டேன்.

ஒரு சந்தேகம். நேற்று ஒருவர் டிஎம்மில் வந்து ராணுவ முகாமுக்கு ஐம்பது கிலோ வேண்டும், முன்பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள் என்றார். பெரிய ஆர்டர்தான், ஆனால் விலையைக் கூடக் கேட்கவில்லை.

மாந்தோப்பு:
தொடாதீர்கள்!! அது பழைய ஏமாற்று வேலை, மாம்பழத்துக்கும் வருகிறது. பணம் வாங்குவதற்கு நாம் ஸ்கேன் செய்யவும் வேண்டியதில்லை, பின் நம்பர் அடிக்கவும் வேண்டியதில்லை. பின் நம்பர் கேட்டாலே நம் கணக்கிலிருந்து போகிறது என்று அர்த்தம். பணம் அனுப்பிவிட்டேன் என்று ஸ்கிரீன்ஷாட் காட்டினாலும் நம்பாதீர்கள், பேங்க் கணக்கில் விழுந்ததா பார்த்துவிட்டு பார்சல் கட்டுங்கள். அதே மாதிரி "உங்கள் பக்கம் விதியை மீறியது, இந்த லிங்கைத் தட்டாவிட்டால் மூடிவிடுவோம்" என்று இன்ஸ்டா பெயரில் மெசேஜ் வரும், அதையும் தட்ட வேண்டாம். இரண்டு கட்ட பாதுகாப்பை (பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு குறியீடும் கேட்கிற அமைப்பு) இன்றைக்கே போட்டுவிடச் சொல்லுங்கள் நாத்தனார் மகனிடம்.

நிப்பட்டு வீடு:
சரிங்க அண்ணா, பிளாக் பண்ணிட்டேன். கூரியரில் உடைந்து போகிறது என்பதுதான் இனி மிச்சம் இருக்கிற கவலை. பெங்களூருக்கு அனுப்பியதில் கால்வாசி தூளாகிவிட்டது என்று சொன்னார்கள்.

ஓசூர் கேமரா:
பையில் கொட்டாதீர்கள் அக்கா. நிப்பட்டை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, ஆடாதபடி இறுக்கமாக உருளை டப்பாவில் போட்டு, மேலே மிஞ்சுகிற இடத்தில் காகிதத்தைக் கசக்கித் திணித்து மூடுங்கள். டப்பா செலவை விலையிலேயே சேர்த்துவிடுங்கள். அனுப்புவதற்கு முன் டப்பாவைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள், சத்தம் கேட்டால் இன்னும் கொஞ்சம் காகிதம்.