‘ரேடியேட்டரை ஆதரிக்கும்’ என்பதற்கு மாற்றாக: கொள்கனம்

காட்பாடியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். கணினிக்கு வாட்டர்கூலிங் (பாகங்களின் சூட்டைத் தண்ணீர் ரேடியேட்டருக்குக் கொண்டுபோக, அங்கே ஃபேன் காற்றில் ஆற்றும் முறை) செய்வதற்கான கேபினட் (கணினிப் பெட்டி) விவரங்களையும் அவற்றுக்கான சொற்பட்டியலையும் தமிழில் தொகுக்கும்போது ஒரு வரி எங்கும் வந்து நிற்கிறது: ‘மேற்புறம் 360 மி.மீ. ரேடியேட்டரை ஆதரிக்கும்.’ இந்த ‘ஆதரிக்கும்’ வாங்குபவருக்கு எதையும் சொல்வதில்லை. 120 மி.மீ. ஃபேன் மூன்றை வரிசையாகப் பூட்டத் துளை இருக்கிறது, அவ்வளவுதான் அதன் பொருள். துளைக்குக் கீழே எத்தனை மில்லிமீட்டர் காலியிடம் என்பது அதில் இல்லை. கேபினட் தேர்வே அந்த எண்ணில்தான் இருக்கிறது.

கணக்கு இதுதான். ஒல்லியான ரேடியேட்டர் 30 மி.மீ., ஃபேன் 25 மி.மீ.; இரண்டும் சேர்ந்து 55. ரேடியேட்டர் 45 ஆனால் 70, 60 ஆனால் 85. ஒல்லி ரேடியேட்டருக்கே இருபக்கமும் ஃபேன் வைத்தால் 80. மேல்தட்டுக்கும் மதர்போர்டின் மேல்விளிம்புக்கும் நடுவில் 40 மி.மீ. மட்டும் இருக்கும் கேபினட்டும் ‘360 ஆதரிக்கும்’ என்றே விற்கப்படுகிறது.

இந்த இடத்துக்குக் ‘கனவிடம்’ என்று வைக்கலாமா? கனம் கொள்ளும் இடம் என்ற பொருளில்.

ஆம்பூரிலிருந்து:

கனவிடம் வேண்டாம் அண்ணா. ‘கனவு’ + ‘இடம்’ என்றுதான் கண் முதலில் பிரிக்கும். சந்தி சரியாக இருந்தாலும் சொல் சறுக்கிவிடும்.

என் பரிந்துரை ‘கொள்ளிடம்’. ‘இந்தப் பையில் இது கொள்ளாது’ என்று வீட்டில் தினமும் சொல்கிறோமே, அதே வினை. ஆற்றின் பெயர் என்பது தடையாகாது.

அந்த 40 மி.மீ. கேபினட்டில் என்ன நடக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரேடியேட்டர் பொருந்திவிடும். ஃபேனைப் பூட்டும்போதுதான் மதர்போர்டின் மேல்மூலையில் இருக்கும் 8 பின் பவர் சாக்கெட் அடியில் மாட்டும். பிளக்கைச் செருகிவிட்டு ஃபேனைப் பூட்டினாலும் ஒயர் மடங்கித் தகட்டில் உரசும். துளை வரிசையைக் கண்ணாடிப் பக்கமாகத் தள்ளி வைத்த கேபினட்டுகளில் சாக்கெட் தப்பித்துவிடும், ஆனால் ரேம் இடிக்கும். சாதாரண ரேமின் உயரம் 31 முதல் 34 மி.மீ. வரை, விளக்கு வைத்தது 44-ஐத் தாண்டும். ஆக, மேற்புறத்துக்கு ஒரே எண் போதாது. போர்டு விளிம்பு வரை எவ்வளவு, ரேம் வரை எவ்வளவு என்று இரண்டு வேண்டும்.

ராணிப்பேட்டையிலிருந்து:

‘கொள்’ என்ற வினை சரி. அதை விட வேண்டாம். ‘இடம்’ என்று முடிப்பதில்தான் எனக்குத் தயக்கம். நமக்கு வேண்டியது ஓர் இடத்தின் பெயர் அல்ல, ஓர் அளவின் பெயர். ‘கொள்ளிடம் 55 மி.மீ.’ என்றால் நீளமா, கனமா? கொள்கலன் என்ற சொல் நிலைத்துவிட்டது. அதே வார்ப்பில் கொள்நீளம், கொள்கனம் என்று இணையாக வைத்தால் இரண்டு கேள்விக்கும் தனித்தனியே விடை கிடைக்கும். இன்று சந்தையில் சொல்லப்படுவது கொள்நீளம் மட்டும். மறைந்திருப்பது கொள்கனம்.

கொள்நீளத்திலும் ஒரு கண்ணி உண்டு. 360 என்று பெயர் பெற்ற ரேடியேட்டரின் உண்மை நீளம் 395 முதல் 400 மி.மீ. வரை வரும், இரு முனையிலும் தொட்டிப் பகுதி இருப்பதால். குழாய் முனையில் 90 பாகை ஃபிட்டிங் (குழாய் இணைப்பான்) திருகினால் இன்னும் 25 மி.மீ.யாவது விட வேண்டும். முன்புறத்தில் செங்குத்தாக நிறுத்தும்போது பவர் சப்ளை மூடியில் முட்டுவது பெரும்பாலும் இந்த முனைதான். எனவே கொள்நீளத்தை 360 என்று எழுதாமல், டேப் வைத்து அளந்த முழு நீளத்தைத் தர வேண்டும்.

வேலூரிலிருந்து:

கொள்கனத்துக்கு ஒரு மறுப்பு. ‘கனம்’ என்றால் எடை என்றும் படிப்பார்கள். கேபினட் எத்தனை கிலோ தாங்கும் என்று நினைத்துவிட்டால்? ‘கொள்தடிமன்’ இன்னும் தெளிவாக இருக்குமே.

ராணிப்பேட்டையிலிருந்து:

பிளைவுட் கடையில் ‘12 மி.மீ. கனம்’ என்றுதான் கேட்கிறோம். கடைக்காரர் தராசை எடுப்பதில்லை. மி.மீ. என்று பக்கத்தில் வந்தாலே ஐயம் தீர்ந்துவிடும். கொள்தடிமன் நாவில் புரள மறுக்கிறது. நான்கு முறை சொல்லிப் பாருங்கள்.

வேலூரிலிருந்து:

சொல்லிப் பார்த்தேன். ஏற்கிறேன்.

நம் ஊர் வெயிலை வைத்து ஒரு குறிப்பு. மே மாதத்தில் வெளியே 40 பாகையைத் தாண்டுகிறது; ஏசி இல்லாத அறை 38-ல் நிற்கும். நன்றாக அமைத்த தண்ணீர்ச் சுற்றில்கூடத் தண்ணீர் அறையைவிட 10 பாகை கூடுதலாகத்தான் ஓடும், ஆக 48. ரேடியேட்டர் போதாவிட்டால் 55-க்குப் போகும். தண்ணீரைச் சுற்றி ஓட்டும் டி5 வகைப் பம்புக்கு 60 பாகைதான் எல்லை. பெட்ஜி (PETG) பிளாஸ்டிக் குழாயும் அந்த வெப்பத்தில் இளகத் தொடங்கும். ஃபிட்டிங் ரப்பர் வளையம் பிடித்த இடத்தில் குழாய் உள்வாங்கி, அங்கே கசியும். இங்கே அக்ரிலிக் குழாய், அல்லது கறுப்பு ஈபிடிஎம் ரப்பர் குழாய்தான் என் தேர்வு.

ஃபேன் மெதுவாகச் சுற்றும்போது ரேடியேட்டரின் 120 மி.மீ. பகுதி ஒன்று ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை ஆற்றும் என்று கொள்ளலாம். பிராசசர் 150, கிராபிக்ஸ் கார்டு 300 என்றால் 450 வாட், நாலரைப் பகுதி. 360-ம் 240-ம் கணக்குக்குப் போதும். வேலூருக்கு இரண்டு 360 வைப்பேன். அதனால் கேபினட்டின் மேற்புறம், முன்புறம் இரண்டிலும் கொள்கனம் 55-க்குக் குறையக் கூடாது. முன்பக்கம் ஓட்டை வலையாக இருக்க வேண்டும். முன்னால் கண்ணாடி அடைத்தால் எத்தனை ரேடியேட்டர் வைத்தும் பயனில்லை.

முன்பக்க 55 மி.மீ. கிராபிக்ஸ் கார்டுக்கான நீளத்திலிருந்து கழியும். 400 மி.மீ. கார்டு கொள்ளும் என்றால் மீதம் 345.

காட்பாடியிலிருந்து:

கொள்கனம், கொள்நீளம் இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். தண்ணீரை வடிக்கும் வால்வுக்கு ‘வடிகால் அடைப்பிதழ்’ என்று எழுதியிருந்தேன். அது நிற்குமா?

ராணிப்பேட்டையிலிருந்து:

மதகு. காவேரிப்பாக்கம் ஏரியின் பக்கத்தில் இருந்துகொண்டு அடைப்பிதழ் எதற்கு? வேலையும் ஒன்றுதான்: மிகத் தாழ்ந்த இடத்தில் இருக்கும், வேண்டும்போது திறக்கும். சுற்றின் அடியில் டி வடிவ ஃபிட்டிங் போட்டு, அதன் கீழ்முனையில் பந்து வால்வு. திறந்தும் தண்ணீர் வராவிட்டால் மேலே நிரப்பும் மூடி இறுக்கமாக இருக்கிறது என்று பொருள். காற்று உள்ளே போனால்தான் வடியும். மதகுக்குக் கீழே கிண்ணம் வைக்க இடமுள்ள கேபினட்டா என்பதையும் வாங்கும்முன் பார்க்க வேண்டும்.

சுற்றின் தண்ணீரைத் தேக்கி வைக்கும் ரிசர்வாயருக்குத் ‘தாங்கல்’ என்று யாராவது சொல்லக்கூடும். நம் பக்கத்துச் சிற்றேரிப் பெயர்தான், அழகான சொல். ஆனால் கேபினட் பேச்சில் தாங்கி, தாங்கும் என்பவையோடு குழம்பும். தொட்டியே போதும்.

ஆம்பூரிலிருந்து:

ஒன்று விட்டுப்போயிற்று. திருகாணி. தட்டு, ஃபேன், ரேடியேட்டர் என்ற வரிசைக்கு 30 மி.மீ. நீள எம்3 (3 மி.மீ. விட்ட) திருகு சரி. தகடு 1, ஃபேன் 25 போக 4 மி.மீ. உள்ளே பிடிக்கும். ரேடியேட்டரை நேரே தட்டில் பூட்டினால் 5 மி.மீ. திருகு. அங்கே 30-ஐப் போட்டுச் சுழற்றினால் துளைக்கு நேர் கீழே ரேடியேட்டருக்குள் ஓடும் தட்டையான தண்ணீர்க் குழாயைக் குத்திவிடும். திருகு லேசாக இறங்கி, திடீரென்று கெட்டியானால் உடனே நிறுத்த வேண்டும். கொள்கனம் என்ற பதிவின் கீழேயே இது வரட்டும், கனம் மாறும்போது திருகும் மாறுகிறதே.

காட்பாடியிலிருந்து:

சேர்த்துவிட்டேன். பதிவு இப்படி நிற்கிறது:

கொள்கனம்: கேபினட்டின் ஒரு பக்கத்தில் ரேடியேட்டரும் ஃபேனும் சேர்ந்து, எதிலும் இடிக்காமல் அடையக்கூடிய மொத்தக் கனம், மி.மீ. கணக்கில். மேற்புறத்துக்குப் போர்டு விளிம்பு வரை ஓர் எண், ரேம் வரை ஓர் எண். முன்புறத்துக்குக் கார்டு போக மீதம். எடுத்துக்காட்டு (மேலுக்குப் போர்டு விளிம்பு வரையிலான எண் மட்டும்): ‘மேல் கொள்நீளம் 400, கொள்கனம் 58, முன் கொள்நீளம் 420, கொள்கனம் 70.’