புதுப்பிப்பு: அவெஞ்சர் 220 மோட்டார் சைக்கிளின் எஞ்சின் வேலை முடிந்தது

மனைவியும் பயணப் பைகளும் ஏறினால் கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் வண்டி இழுக்கவில்லை, எஞ்சினைப் பெரிதாக்கலாமா என்று திருகோணமலையிலிருந்து கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

சிலிண்டரைக் கழற்றியதும் விஷயம் தெரிந்துவிட்டது. உட்சுவரில் நகம் தட்டுப்படுகிற அளவுக்கு நீளக் கீறல்கள். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்து கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பெட்ரோல் கலவை அமுங்கும் அழுத்தம்) போயிருந்தது. 0.5 மிமீ ஓவர்சைஸ் (அளவில் பெரிய) பிஸ்டனுக்கு போர் பண்ணினோம், அதாவது சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்கினோம். 67 மிமீ துளை 67.5 ஆனால் கூடுவது சுமார் 3 சிசிதான். அதனால் வந்த பவர் இல்லை இது, போன கம்ப்ரஷன் திரும்பி வந்ததுதான்.

வால்வு இடைவெளியும் சரிபார்த்தோம். எனக்கு மிகப் பிடித்தது முன் ஸ்ப்ராக்கெட்டில் (செயினை இழுக்கும் பற்சக்கரத்தில்) ஒரு பல் குறைத்தது. டாப் ஸ்பீட் கொஞ்சம் குறையும். ஆனால் பாரத்தோடு போகும்போது வண்டி சும்மா இழுக்கிறது! டூரிங் ஓடுகிறவர்கள் முதலில் இதைச் செய்து பாருங்கள், செலவும் குறைவு.

இனி 95 ஒக்டேன் பெட்ரோல் போட வேண்டுமா என்று கேட்ட தம்பிக்கு: கம்ப்ரஷன் விகிதத்தை மாற்றவில்லை, 92 போதும்.

அப்புறம், நிலாவெளி, குச்சவெளி வீதியில் மெதுவாக ஓடி புது ரிங்கைச் சிலிண்டர் சுவரோடு படியவிட்டேன். முதல் ஒயிலைச் சீக்கிரமே மாற்றிவிடுங்கள். வடித்தபோது அதில் உலோகப் பொடி மினுங்கியது. புதிதாகப் போர் பண்ணிய எஞ்சினுக்கு அது வழமைதான்.