தமிழ்99 பழக 10 நாள் செலவழிக்கணுமா? குரலும் ஆங்கில விசையும் போதாதா?

புதுப்பொட்டி:
போன மாசம் ஒரு மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கினேன். புதுசா எந்தச் சாதனம் வந்தாலும் பெட்டியைப் பிரிச்சுப் பார்க்காம எனக்குத் தூக்கம் வராது. போனில் அப்டேட் வந்தா அன்னைக்கே போட்டுடுவேன். கீபோர்டைப் பார்த்த நண்பர் ஒருத்தர், "இவ்வளவு செலவு பண்ணிட்டு இன்னும் அம்மான்னு அடிக்க ஆங்கில எழுத்தைத் தேடுறியே, தமிழ்99 பழகு"ன்னார். தமிழ்99ங்கிறது தமிழ் எழுத்துக்குன்னே உருவான விசைப்பலகை அமைப்பு. அவர் சொன்னதுல இருந்து இது மண்டையில ஓடிட்டே இருக்கு.

என் கருத்தைச் சொல்லிடறேன். இன்னைக்குத் தேதிக்கு ஒரு புது விசைப்பலகை அமைப்பை உட்கார்ந்து பழகுறது தேவையில்லாத வேலை. கல்லூரிக் காலத்துல இருந்து ஆங்கில விசைகள் என் விரலுக்கு மனப்பாடம். அதே விசைகளை வச்சு ஒலிப்படி அடிச்சா தமிழ் வந்துடுது. அவசரம்னா போனை வாய்கிட்ட வச்சுப் பேசினாப் போதும்.

எங்க அம்மாவையே எடுத்துக்கோங்க. வயசு 62, எட்டாவது வரை படிச்சவங்க. போன் வாங்கிக் குடுத்து மூணு வருஷம் வரைக்கும் காலை வணக்கப் பூப்படம் மட்டும்தான் அனுப்புவாங்க. மைக் படத்தைத் தொட்டுப் பேசச் சொல்லிக் குடுத்த அன்னைக்கு சாயங்காலம் ஒரு செய்தி வந்தது: "தம்பி மழை பெய்யுது மாடியில் துணி கிடக்கு நீ எப்ப வருவ". புள்ளி, கமா எதுவும் இல்லை. ஆனா அம்மா எனக்கு எழுதின முதல் வரி அது. இன்னும் அழிக்காம வச்சிருக்கேன். தமிழ்99 அவங்களுக்கு இதைக் குடுத்திருக்குமா? மாற்றுக் கருத்து இருந்தா சொல்லுங்க.

கபமதநய:
தம்பி, அம்மா விஷயத்தில் உங்களோடு சண்டையே இல்லை. அவங்க பேசட்டும். நான் கேட்கிறது உங்களைப் பற்றி. பக்கம் பக்கமா எழுதுகிற ஆள் நீங்க.

தமிழ்99 எங்கிருந்து வந்தது என்று தெரியாமலே பலர் அதைக் கடினம் என்கிறார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டில் உருவான அமைப்பு அது. அதே ஆண்டு ஜூனில் தமிழக அரசு ஏற்றது. அதன் தர்க்கம் நாம் ஒண்ணாம் வகுப்பில் படித்ததுதான். உயிர் 12, மெய் வரிசை 18, புள்ளி 1, ஆக 31 விசை. ஷிப்டைத் தொடாமல் 247 எழுத்தும் வரும், ஆய்தம் மட்டும் விலக்கு. உயிரெல்லாம் இடக்கையில். மெய்யில் வ, ங தவிர மற்றதெல்லாம் வலக்கையில். விரல் ஓய்வெடுக்கும் நடுவரிசை: அ, இ, உ, புள்ளி, எ, அப்புறம் க, ப, ம, த, ந, ய. என் பெயரே அதுதான்.

இதன் அழகு தானாக விழும் புள்ளியில் இருக்கிறது. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே வந்துவிடும். "அம்மா" அடிக்க அ, ம, ம, ஆ, நாலே தட்டு. ஆங்கில விசையில் ஐந்து. இன எழுத்துக்கும் அப்படியே: ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற சேர்ந்தால் புள்ளி கேட்காமலே வரும். "பந்து"வுக்கு ப, ந, த, உ என்று நாலு. ஆங்கில விசையில் ஆறு. "கண்ணாடி" இங்கே ஆறு, அங்கே எட்டு, அதிலும் மூணு சுழி ண-வுக்கு ஷிப்ட் வேறு. ஒரு நாளைக்கு ஆயிரம் சொல் அடிக்கிறவருக்கு இது எவ்வளவு தூரம் போகும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

புதுப்பொட்டி:
அண்ணே, உங்களுக்குச் சாதகமான சொல்லாப் பொறுக்கி எடுத்துட்டீங்க. நானும் எண்ணிப் பார்த்தேன். "மண்வெட்டி": தமிழ்99ல ம, ண, புள்ளி, வ, எ, ட, ட, இ, எட்டு. ஆங்கில விசையிலயும் எட்டு. "அவன்" ரெண்டிலயும் நாலு. எல்லாச் சொல்லுலயும் லாபம் வந்துடாது.

அதோட தட்டு எண்ணிக்கை மட்டுமா வேகம்? ஆங்கில விசையில என் விரல் யோசிக்கவே யோசிக்காது. புது அமைப்புல ஒவ்வொரு எழுத்தையும் தேடணும். ஆபீஸ் மெயில் ஆங்கிலம், நிரல் ஆங்கிலம், தமிழுக்கு மட்டும் தனி வரைபடம்னா மூளை ரெண்டு மேப்பைச் சுமக்கணும்.

அச்சுமேசை:
நான் சிவகாசியில் டிடிபி, அதாவது அச்சுக்குப் போற பக்கங்களைக் கம்ப்யூட்டரில் அடிச்சு வடிவமைக்கிற வேலை பார்க்கிறேன், 22 வருஷமாச்சு. தட்டச்சு லோயர், ஹையர் ரெண்டும் பழைய ரெமிங்டன் மெஷினில் பாஸ் பண்ணினவள். இன்னைக்கும் கம்ப்யூட்டரில் டைப்ரைட்டர் அமைப்புதான். கொம்பு முதலில், எழுத்து அப்புறம், கால் கடைசியில். கண்ணில் எப்படித் தெரியுதோ அப்படியே அடிக்கணும். அதனால் தமிழ்99 தம்பிக்கும் நான் கட்சி இல்லை. பழகின கையை மாத்தச் சொல்றது லேசில்லை.

ஆனா குரல் போதும்னு சொல்றீங்களே, அது என் வயித்தில் அடிக்குது. போன ஆவணியில் ஒரு காதணி விழாப் பத்திரிகை. வாடிக்கையாளர் மேட்டரைப் பேசியே போனில் ஏத்தி வாட்ஸ்அப்பில் அனுப்பிட்டார். அவசரம், அப்படியே எடுத்து ஒட்டி வடிவமைச்சேன். புரூஃப் அனுப்பினேன், "ஓகே" வந்தது, 300 பத்திரிகை ஓடிடுச்சு. மடிச்சு அடுக்கும்போதுதான் எங்க மடிப்பு மேசைப் பொண்ணு கேட்டா: "அக்கா, 'நல்ல வேலையில்'னு போட்டிருக்கே, பையனுக்கு எங்க வேலை?" 'வேளை'ன்னு வர வேண்டிய இடமெல்லாம் 'வேலை' ஆகியிருந்தது. முன்னூறையும் திரும்ப அடிச்சுக் கொடுத்தோம். காகிதச் செலவு என் கணக்கில்.

புதுப்பொட்டி:
அக்கா, உங்க நஷ்டம் புரியுது. ஆனா அந்தத் தப்பு குரலோடதா? படிச்சுப் பார்க்காம ஓகே சொன்னவர் தப்பு இல்லையா? கையால அடிச்சாலும் ல, ள தெரியாதவர் வேலைன்னுதான் அடிப்பார்.

அச்சுமேசை:
தெரியாதவர் அடிச்சா தப்பு, சரி. இவருக்கு வித்தியாசம் தெரியும் தம்பி, தமிழ் வாத்தியார் வீட்டுப் பையன். குரலில் வந்தது சொல்லளவில் சரியான சொல்லா இருந்ததால் அவர் கண்ணிலும் படல, என் கண்ணிலும் படல. கையால் அடிக்கும்போது நாம எழுத்தைத் தேர்ந்தெடுக்கிறோம். குரலில் வேற எதுவோ நமக்காகத் தேர்ந்தெடுக்குது, நாம தலையாட்டுறோம். எழுத்துப் பிழைன்னா கண்ணுக்கு உறுத்தும். இது உறுத்தாத பிழை. அதுதான் என் பயம்.

பனங்கிழங்கு:
வணக்கம், யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். இஞ்ச எங்கட ஆக்கள் கனபேர் இன்னும் பாமினி எண்ட பழைய எழுத்துருவின்ர விசை அமைப்புதான். நானும் அதிலதான் பழகினனான். அக்கா சொன்ன மாதிரி, பழகின விரல் பழகின விரல்தான். இனித் தமிழ்99க்கு மாறச் சொன்னா மாறமாட்டன்.

அப்பா 2000களில எழுதி வச்ச ஊர் வரலாறு ஒண்டு, 140 பக்கம், பழைய கணினியில பாமினி எழுத்துருவில கிடந்தது. போன வருசம் புது மடிக்கணினியில திறந்தா ஒரு எழுத்தும் தமிழில்லை. "தமிழ்" எண்டு அப்பா எழுதின இடமெல்லாம் ஜே, கே, பி, ஓ, பிறகொரு அரைப்புள்ளி எண்டு ஆங்கிலத்தில நிண்டுது. அவர் இப்ப இல்லை. பாத்துக்கொண்டு இருக்க நெஞ்சு அடைச்சுப் போச்சு. எழுத்துருவைத் தேடிப் போட்ட பிறகுதான் அப்பா திரும்ப வந்தார். ஆகவே எந்த அமைப்பு எண்டதை விட, அடிக்கிறது நிலைக்குமா எண்டதுதான் எனக்குக் கேள்வி.

கபமதநய:
அண்ணா, அப்பாவின் எழுத்தை மீட்டீர்களே, அதுவே பெரிது. எழுத்துருவை மட்டும் நம்பி விட்டுவிடாதீர்கள், முழுவதையும் யூனிகோடுக்கு, அதாவது எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீட்டுக்கு மாற்றி இரண்டு இடத்தில் சேமித்துவிடுங்கள். மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியபின் ஒரு தடவை வரிவரியாகப் படித்துப் பாருங்கள். ஆங்கிலச் சொல்லும் எண்ணும் கலந்த இடங்களில்தான் வழக்கமாக இடறும்.

எழுத்துரு வேறு, விசை அமைப்பு வேறு. இங்கே இதில்தான் பலரும் குழம்புகிறார்கள். அன்று பாமினி எழுத்துருவில் சேமிக்கப்பட்டது ஆங்கில எழுத்துகளின் குறியீடுதான். எழுத்துரு அதன்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டியது. போர்வை இல்லாவிட்டால் ஜே, கே, பி. இன்று அதே பாமினி விரலமைப்பில் அடித்துக்கொண்டே யூனிகோடாகச் சேமிக்கலாம். இ-கலப்பை மாதிரி இலவச மென்பொருளில் தமிழ்99, பாமினி, தட்டச்சு, ஒலிப்பு எல்லா அமைப்பும் இருக்கிறது, வெளியே வருவது ஒரே யூனிகோடு. தமிழக அரசும் 2010-இல் யூனிகோடையும் டேஸ்16 என்ற தமிழ்க் குறியீட்டு முறையையும் தரமாக அறிவித்துவிட்டது. அச்சுமேசை அக்காவும் நீங்களும் விரலை மாற்றவே வேண்டாம். இன்னும் எந்தத் தமிழ் அமைப்பிலும் கை படியாதவருக்குத்தான் தமிழ்99 என்கிறேன். புதுப்பொட்டித் தம்பி அந்தக் கணக்கில் வருகிறார்.

வெள்ளைக்கோல்:
எல்லாருக்கும் வணக்கம். எனக்குப் பார்வை இல்லை. இந்த இழையைத் திரைவாசிப்பான் படிக்கக் கேட்டுத்தான் எழுதுகிறேன். நான் பயன்படுத்துவது என்விடிஏ. பார்வையற்ற ஒருவர் ஆஸ்திரேலியாவில் 2006-இல் தொடங்கி, பார்வையற்ற இன்னொருவரும் சேர்ந்து வளர்த்த இலவச மென்பொருள் அது.

புதுப்பொட்டி சார் சொல்கிற ஆங்கில விசை முறையில் நான் இரண்டு வருடம் அல்லாடினேன். ஒரு சொல்லை அடித்ததும் கீழே நாலைந்து தமிழ்ச் சொற்கள் பட்டியலாக வரும். உங்களுக்கு ஒரு பார்வை போதும். நான் ஒவ்வொன்றாக இறங்கிக் கேட்க வேண்டும். "வேலை", "வேளை" இரண்டும் அந்த இயந்திரக் குரலில் கிட்டத்தட்ட ஒன்றுதான். எழுத்தெழுத்தாகப் பிரித்துக் கேட்டால்தான் உறுதியாகும். ஒரு விடுப்புக் கடிதத்துக்கு அரை மணி நேரம் ஆகும். குரலில் சொன்னாலும் பிறகு சரிபார்க்கும் பாடு இதேதான்.

தமிழ்99-இல் பட்டியலே இல்லை. ள மேல்வரிசையில், ல கீழ்வரிசையில், ழ கீழ்வரிசையின் வலக்கோடியில். என்றைக்குத் தொட்டாலும் அதே இடம், அதே எழுத்து. உங்கள் புது கீபோர்டில் எஃப், ஜே விசைகளைத் தடவிப் பாருங்கள், சின்னதாக ஒரு மேடு இருக்கும். பார்க்காமலே விரல் வீடு திரும்புவதற்காக வைத்தது. தமிழ்99-இல் இடக்கை மேட்டில் இருப்பது புள்ளி, வலக்கை மேட்டில் ப. நான் அந்த இரண்டிலிருந்து எண்ணித்தான் மற்ற 29-ஐயும் பழகினேன். ஒன்பதாவது நாள் ஒரு பத்தியை யார் உதவியும் இல்லாமல் அடித்து முடித்தேன். அன்று அழுதுவிட்டேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

புதுப்பொட்டி:
சார், உங்க பதிவை ரெண்டு தடவை படிச்சேன். கீபோர்டுல அந்த மேட்டைத் தொட்டும் பார்த்தேன். பட்டியலை ஒரு வசதியா மட்டும்தான் இவ்வளவு நாள் நினைச்சிருந்தேன். அது ஒருத்தருக்குச் சுவரா இருக்கும்னு தோணவே இல்லை.

ஆனாலும் போன் விஷயத்துல என் கருத்து மாறல. ஆறு அங்குலத் திரையில 31 விசையை அடுக்கினா விரல் ரெண்டு எழுத்துக்கு நடுவுல விழுது. அங்க எனக்குக் குரலும் ஒலிப்பு முறையும்தான்.

கபமதநய:
போனிலும் ஆகாதது இல்லை. 2013-இல் ஐஓஎஸ் 7 வந்தபோதே ஐபோனில் தமிழ்99-ம், அஞ்சல் என்ற ஒலிப்பு முறை விசைப்பலகையும் உள்ளமைந்தே வந்தன. அதிலிருந்து நான் அதில்தான் அடிக்கிறேன்.

பனங்கிழங்கு:
உங்கட விரல் சின்னன் போல. எனக்கும் போனில சரிவராது, புதுப்பொட்டித் தம்பி சொல்றது சரி. அப்பாவின்ர 140 பக்கத்தில 60 மாத்தியாச்சு. நீங்கள் சொன்ன மாதிரியே எண் வாற இடமெல்லாம் குழம்பித்தான் கிடக்கு, ஒவ்வொண்டாத் திருத்துறன்.

புதுப்பொட்டி:
12 நாள் கழிச்சு வந்திருக்கேன். தினம் ராத்திரி 20 நிமிஷம் தமிழ்99 அடிச்சேன். உண்மையைச் சொல்லணும்னா இன்னும் என் ஆங்கில விசை வேகத்துல பாதிகூட வரல, கபமதநய அண்ணன் சொன்ன லாபம் என் கைக்கு இன்னும் வந்து சேரல. ஆபீஸ் நேரத்துல பொறுமை இல்லாம பழைய முறைக்கே ஓடிடறேன். ஆனா முந்தாநாள் "வாழ்க்கை"ன்னு அடிக்கும்போது ழ-வுக்குப் புள்ளி வச்சு, க-வை ரெண்டு தட்டுத் தட்டின கையோட, திரையைப் பார்க்காமலே அது சரின்னு தெரிஞ்சது. ஆங்கில விசையில எனக்கு அப்படித் தெரிஞ்சதே இல்லை, எப்பவும் நிமிர்ந்து பார்த்துத்தான் ஒத்துக்குவேன். அந்த ஒரு சொல்லுக்காக இன்னும் ஒரு மாசம் தொடரலாம்னு இருக்கேன். அம்மா குரலிலேயே இருக்கட்டும்.

ஒரு சந்தேகம். எங்க அத்தை பேர் சசி. எத்தனை தடவை அடிச்சாலும் "ச்சி"ன்னு வருது. அத்தைக்கு அப்படியே அனுப்ப முடியாது. என்ன பண்ணணும்?

வெள்ளைக்கோல்:
முதல் ச-வுக்கு அப்புறம் ஒரு அ தட்டுங்க சார், தானாக விழும் புள்ளி நின்றுவிடும். ச, அ, ச, இ. பப்பாளிக்கும் இதே வழிதான்: ப, அ, ப, ப, ஆ, ள, இ.