மறு: பைற்று வரிசைக்குச் சொல் – ‘முடிவு’ வேண்டாமே

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு பைற்று என்பது எட்டுப் பிற்று, பிற்று என்பது 0 அல்லது 1. பல பைற்று நீளமான எண்ணைக் கணினி எந்தப் பக்கத்திலிருந்து எழுதத் தொடங்குகிறது என்பதைச் சொல்லும் ‘பிக் எண்டியன்’, ‘லிட்டில் எண்டியன்’ என்ற ஆங்கிலச் சொற்களுக்குச் சென்ற கிழமை முன்வைக்கப்பட்ட ‘பெருமுடிவு’, ‘சிறுமுடிவு’ இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஆங்கிலச் சொல்லில் இருக்கும் ‘எண்ட்’ முடிவு அன்று, முட்டையின் முனை. 1726இல் வெளிவந்த கலிவரின் கதையில், அவித்த முட்டையைப் பருத்த முனையில் உடைப்பதா, சிறுத்த முனையில் உடைப்பதா என்று லில்லிபுட் நாட்டார் சண்டை பிடிப்பார்கள். அந்தக் கேலியை 1980இல் கணினி அறிஞர் டானி கோஹன் கணினிக்குள் கொண்டுவந்தார். எந்த முனையிலிருந்து தொடங்குவது என்பதுதான் கேள்வி. தொடக்கத்தைச் சொல்லவேண்டிய இடத்தில் ‘முடிவு’ என்று எழுதினால் படிக்கிற பிள்ளை நேர் எதிராகவே விளங்கிக்கொள்ளும்.

எனக்கு இந்தச் சொல் ஏன் அவசரமாகத் தேவைப்படுகிறது என்றால், மட்டக்களப்புக் கல்லடியில் நண்பர் ஒருவரின் அச்சகத்தில் பவர்பிசி செயலி கொண்ட பழைய கணினி ஒன்று கிடக்கிறது. அதில் லினக்ஸ் இயங்குதளம் நிறுவி, வாவிக்கரைப் படம் ஒன்றைத் திறந்தேன். பாலத்துக்கு மேலே நீல வானம் செம்மண் நிறத்தில் நின்றது. 32 பிற்று நிறத்தில் ஒரு படப்புள்ளிக்கு நான்கு பைற்றுகள்: வெற்றிடம், சிவப்பு, பச்சை, நீலம். செயலி பெறுமதி கூடிய பைற்றை (123இல் நூறைக் குறிக்கும் 1 போல) முதலில் எழுதுகிறது. திரை அட்டையோ பெறுமதி குறைந்ததே முதலில் வரும் என்று வாசிக்கிறது. சிவப்பும் பச்சையும் இடம் மாறிக்கொள்கின்றன. நீலம், யாரும் பார்க்காத அந்த வெற்றிடத்தில் போய் ஒளிந்துகொள்கிறது.

16 பிற்றுக்கு மாற்றினேன். தென்னோலை சிவந்துவிட்டது, அதுகூடப் பரவாயில்லை. படம் முழுக்கப் பொறி பறந்தது. அங்கே பச்சைக்கு உரிய ஆறு பிற்றுகள் இரண்டு பைற்றிலும் மும்மூன்றாகப் பிரிந்து கிடக்கின்றன. பைற்றுகள் இடம் மாறும்போது பச்சையின் அற்பமான கடைசி மூன்று பிற்றுகள் சிவப்பின் தலையில் ஏறி உட்கார்ந்துவிடுகின்றன. கண்ணுக்கே தெரியாத சாயல் வேறுபாடு திரையில் கூச்சல் போடுகிறது.

இனிச் சொல்லுக்கு வருகிறேன்.

> வடசேரி, தென்சேரி என்றே வைத்துவிடலாமே!

அக்கரைப்பற்று நண்பரே, சிரித்துவிட்டேன். கண்ணகி கோயில் கொம்புமுறி விளையாட்டில் ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து இழுப்பதும் லில்லிபுட் முட்டைச் சண்டையும் ஒரே சாதிதான். ஆனால் எந்தச் சேரி எந்தப் பைற்றை முதலில் வைக்கும் என்று மனப்பாடம் செய்யவேண்டிவரும். ஆங்கிலச் சொல்லின் குறையும் அதுவேதான்.

> ‘தலைமுந்தி’, ‘வால்முந்தி’ எப்படி?

நெருங்கிவிட்டீர்கள், ஐயா. ஒரே தடை: நினைவகத்தில் முதல் முகவரியில் இருப்பதையே நாம் தலை என்கிறோம். அப்படியானால் எல்லாமே தலைமுந்திதான். ‘தலை’யை விட்டு, பெறுமதியைச் சொல்லும் ‘உயர்’, ‘தாழ்’ இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம்: உயர்முந்தி, தாழ்முந்தி. இரண்டுக்கும் பொதுவாக முந்துமுறை. (சேலையின் ஓரத்துக்கும் முந்தி என்று பெயர் இருப்பது தற்செயல்தான், ஆனாலும் முட்டையின் முனையை நினைத்தால் பொருத்தமாகத்தான் இருக்கிறது.)

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். ‘இணைய நெறிமுறைத் தலைப்புகளில் எண்கள் உயர்முந்தியாகச் செல்கின்றன.’ ‘லினக்ஸ் திரை இயக்கிகளில் நிற வடிவங்கள், செயலி எதுவானாலும், தாழ்முந்தியாகவே வரையறுக்கப்பட்டுள்ளன.’ நாக்கு இடறவில்லை.

1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கக் குழுவுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்தர் பிறந்த கிழக்கு மண்ணிலிருந்து எழுதிக்கொண்டு ‘பைற்று’ என்று இரவல் வாங்கலாமா என்று ஒருவர் கடிந்திருந்தார். அந்த வழக்கை வேறொரு இழையில் வைத்துக்கொள்வோம். இங்கே திறந்தால் இந்தச் சொல் பிறக்காது.

மிச்சம் இருப்பது, பைற்றுகளை இடம் மாற்றும் வேலைக்கான பெயர். 32 பிற்றில் நான்கையும் தலைகீழாக்க வேண்டும். 16 பிற்றில் இரண்டிரண்டாக மாற்ற வேண்டும். 32 பிற்றுக்குரியதை 16 பிற்றுக்குச் செய்தால் பக்கத்துப் படப்புள்ளிகளே இடம் மாறிவிடும். அதனால் சொல்லும் இரண்டு வேண்டும். ‘நாலிடமாற்று’, ‘ஈரிடமாற்று’ என்று திரை இயக்கியின் (திரை அட்டையை ஓட்டும் நிரலின்) குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறேன். இதைவிடச் சிறியது கிடைத்தால் மாற்றிவிடுகிறேன். ‘பைற்றுப் புரட்டு’ மட்டும் வேண்டாம். அச்சக நண்பர் என் வேலையையே சந்தேகப்படுவார்.

அன்புடன்,
கல்லடியிலிருந்து